கடிதத்துக்கு ஒரு திருஷ்டிப் பொட்டு

"ஒரு குறை எழுதாம இந்தக் கடுதாசி வாசப்படியத் தாண்டாது" என்று வள்ளியம்மா சொல்லிவிட்டாள். சொன்னதோடு நிற்காமல் மடிக்கணினியின் மேல் முறத்தைக் கவிழ்த்து மூடியும் விட்டாள்.

அவள் மகன் யோகேந்திரன் முறத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அதற்கு அடியில்தான் அவனுடைய எதிர்காலம் இருந்தது.

யோகேந்திரன் பல்கலைக்கழகத்தில் கணினித் துறையில் கடைசித் தவணை படிக்கிறான். ஓர் அறவாரியம் ஆண்டுக்கு ஒரே ஒரு பிள்ளையைத் தேர்ந்தெடுத்து, மேல்படிப்புக்கு ஜப்பானுக்கு அனுப்புகிறது. அதற்கான பாரத்தில் எல்லாக் கட்டங்களையும் நிரப்பிவிட்டான். பேராசிரியரின் பரிந்துரைக் கடிதம் ஒன்றுதான் பாக்கி. வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குக் கதவு மூடிவிடும். மூடிவிட்டால், கோலா பிலாவில் மாமாவின் லாரிக் கம்பெனியில் ஒரு நாற்காலி காத்திருந்தது. மாமா அதை ஏற்கெனவே இரண்டு முறை துடைத்து வைத்துவிட்டார்.

பேராசிரியர் டாக்டர் ஃபஸீஹா, ஆதாரம் காட்டாமல் 'காலை வணக்கம்' சொன்னால்கூட ஏற்காதவர் என்று பெயரெடுத்தவர். அவர் அறைக் கதவைத் தட்டுவதற்கு யோகேந்திரன் ஒன்பது நாள் தைரியம் சேர்த்தான். பத்தாம் நாள் தட்டினான். கதவு நாலு விரற்கடை திறந்தது.

"ரெக்கமண்டேஷனா? சரி, நீயே எழுதிக்கொண்டு வா. நான் பார்த்துக் கையெழுத்துப் போடறேன்."

கதவு சாத்திக்கொண்டது. பெரிய படிப்புப் படித்த இடங்களில் இதுதான் வழக்கமாம். யாரைப் பாராட்ட வேண்டுமோ அவரே பாராட்டை எழுதிக்கொண்டு போக வேண்டும்.

பெடாஸிலிருந்து ஏழு கிலோமீட்டர் உள்ளே, செம்பனைத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் பிறந்தவனுக்குத் தன்னைத் தானே புகழ வருமா? யோகேந்திரன் இரண்டு நாள் உட்கார்ந்து ஒரு வரி எழுதினான். 'யோகேந்திரன் ஒரு மாணவன்.' திரும்பத் திரும்பப் படித்துப் பார்த்தான். அதில் பொய் எதுவும் இல்லை. அதற்கு மேல் சேர்த்தால் பொய் வந்துவிடுமோ என்று பயந்து அப்படியே நிறுத்திவிட்டான்.

அவன் அப்பா நல்லசாமி தோட்டத்தில் மண்டோர். நாற்பது ஆட்களை வேலை வாங்குகிறவர். "கடுதாசின்னா கிராணி எழுதணும்லா. நீ எதுக்கு எழுதற?" என்று சொல்லி, ஓய்வுபெற்ற கிராணி ராமகிருஷ்ணனைக் கையோடு கூட்டிக்கொண்டு வந்தார். முப்பத்தைந்து வருடம் தோட்டத்து ஆபீசில் எழுதிய கை அது. ராமகிருஷ்ணன் கண்ணாடியை மாட்டி, இருபதே நிமிடத்தில் ஆங்கிலத்தில் முக்கால் பக்கம் எழுதிக் கொடுத்தார்.

"இதைக் கொண்டுவரும் நபர் குடிப்பதில்லை. மேலதிகாரியை அடித்ததில்லை. ஏணியை இரவல் கொடுத்தால் அன்றைக்கே திருப்பிக் கொடுப்பார். மாடுகள் இவரிடம் அடங்கி நிற்கும்."

"ஐயா, நான் படிச்சது கம்ப்யூட்டர்."

"இருக்கட்டுமே தம்பி. மாடே அடங்குதுன்னா கம்ப்யூட்டர் எந்த மூலைக்கு?"

ஆனால் அந்தக் கடிதத்தால் ஒரு நன்மை விளைந்தது. ஏணியையும் மாட்டையும் விடத் தன்னிடம் சொல்ல ஏதோ இருக்கிறது என்று யோகேந்திரனுக்கு முதன்முதலாக ரோஷம் வந்தது. அன்றே உட்கார்ந்து எழுதி முடித்தான். செம்பனைக் குலையைக் கைப்பேசியில் படம் பிடித்தால் அது பழுத்துவிட்டதா என்று சொல்லும் செயலியை அவன் செய்திருந்தான். கணிதத்தில் ஆறு தவணையும் முதல் மதிப்பெண். ஆப்பரேட்டிங் சிஸ்டம் பாடத்தில் அவன் எழுதிய விடையை டாக்டரே வகுப்பில் எடுத்துக் காட்டியிருக்கிறார். எல்லாவற்றையும் எழுதினான். எழுதியதை அம்மாவுக்குத் தமிழில் வாசித்தும் காட்டினான்.

அங்கேதான் தப்புச் செய்தான்.

வள்ளியம்மா, வெட்டு வேலைக்குப் போகும் பெண்கள் பிள்ளைகளை விட்டுவிட்டுப் போகும் ஆயாக்கொட்டாயில் இருபத்திரண்டு வருடமாக வேலை பார்க்கிறவள். அவள் மை வைக்காத கன்னம் அந்தத் தோட்டத்தில் இல்லை. மேனேஜர் வீட்டு நாய் குட்டி போட்டபோதுகூட, குட்டி அழகாக இருக்கிறது என்று ஒரு பொட்டு வைத்துவிட்டு வந்தாள். அந்த ஒரு குட்டிதான் பதினெட்டு வருடம் உயிரோடு இருந்தது.

"இம்புட்டு நல்லதையும் ஒரே தாள்ல எழுதி ஊராருகிட்ட குடுப்பியா? பாஞ்சாலை மவ பள்ளிக்கூடத்துல பாடி, எல்லாரும் எந்திரிச்சுக் கை தட்டினாங்களே, என்னா ஆச்சு? இன்னைக்கும் அவ பேசினா சாக்கடை அல்லூருத் தவளை பதில் சொல்லுது!"

"அம்மா, படிக்கப் போறது ஜப்பான்காரன்மா."

"ஜப்பான்காரனுக்குக் கண்ணு இல்லியா?"

முறம் கவிழ்ந்தது இந்த இடத்தில்தான்.

"சரி, என்ன குறைன்னு எழுதறது?" என்றான் இறங்கி வந்து. "என்கிட்ட இருக்கற குறையெல்லாம் எழுதினா எனக்கு எடம் கெடைக்காதும்மா."

"இருக்கற குறையவா எழுதச் சொன்னேன்? மச்சம் வேற, மை வேறடா. மச்சம் ஒடம்போட பொறந்தது. மை நாம வெக்கறது. இல்லாத குறையாப் பாத்து எழுது."

இன்னும் கிளம்பாமல் உட்கார்ந்திருந்த கிராணி தேநீரைக் கீழே வைத்தார். அவருக்கு வேலை திரும்பக் கிடைத்த உற்சாகம். "சோம்பேறின்னு போடுவோமா?"

"மண்டோர் மவன் சோம்பேறியா?" என்று நல்லசாமி எழுந்தே விட்டார். "நாளைக்கு எவன் என் பேச்சக் கேப்பான்?"

"அப்ப கோவக்காரன்?"

"பொண்ணு குடுக்க மாட்டாங்க" என்றாள் வள்ளியம்மா.

"அம்மா, இது படிப்புக்கு."

"படிச்சு முடிச்சுட்டு சாமியாராவா போவப் போற?"

"மறதின்னு?" என்றார் கிராணி.

"பாஸ்போர்ட்டத் தொலச்சிருவான்னு விசா குடுக்க மாட்டான்" என்றார் நல்லசாமி.

வள்ளியம்மா கண்ணை மூடி யோசித்தாள். இருபத்திரண்டு வருட அனுபவம் பேசியது. "கொழந்தைக்கு அழகு எங்கயோ அங்கதான பொட்டு? ஊரு கண்ணு இவன்கிட்ட எங்க விழுது? கணக்குல. அங்கயே வெச்சிரு."

கிராணி அதை ஆங்கிலத்தில் அழகாக வடித்துக் கொடுத்தார். "இருப்பினும், இவருக்குக் கணக்கு அவ்வளவாக வராது." வேலையை விட்டு வந்த பிறகு 'இருப்பினும்' என்று எழுத இதுவே முதல் வாய்ப்பு என்று தேநீரை முடித்துவிட்டு நிறைவோடு கிளம்பிப் போனார்.

கணினி படிக்க ஜப்பானுக்குப் போகிறவனுக்குக் கணக்கு வராது! யோகேந்திரன் வாக்குவாதம் செய்யவில்லை. படித்த பிள்ளை, படித்தவர்கள் செய்வதைச் செய்தான். அம்மா பார்க்கும்படி அந்த வரியைச் சேர்த்துச் சேமித்தான். அந்த வரி இல்லாத பழைய கடிதத்தை வேறு பெயரில் பத்திரப்படுத்திக்கொண்டான். ஒன்றுக்கு 'ஃபைனல்' என்று பெயர். மற்றதற்கு 'ஃபைனல் ஃபைனல்'. இரண்டையும் கைப்பேசியில் ஏற்றிக்கொண்டு, நல்லதை டாக்டருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பத் தண்ணீர்த் தொட்டிக்குப் போனான்.

அந்தத் தோட்டத்தில் கைப்பேசிக்கு அலை கிடைப்பது தண்ணீர்த் தொட்டியின் மேல் மட்டும்தான். ஏணி வைத்து ஏற வேண்டும். சாயங்காலமானால் வரிசை நிற்கும். ஒரு சமயம் மேலே ஏறிய ஒருவர் போனிலேயே பெண் பேசி, தட்டு மாற்றத் தேதியும் குறித்து, கீழே இறங்குவதற்குள் அவர் போட்டிருந்த வெள்ளைச் சட்டையில் பாசி பிடித்துவிட்டது.

அன்று யோகேந்திரனுக்குப் பின்னால் ஏணியின் பாதியில் ராக்கம்மா நின்றுகொண்டிருந்தாள். ஜொகூரில் இருக்கும் மகளிடம் குழம்புக்கு எவ்வளவு புளி என்று சொல்ல வேண்டிய அவசரம்.

"சீக்கிரம்லா தம்பி! அங்க சட்டி அடுப்புல இருக்கு!"

அவன் அமுக்கினான். கடிதம் போய்விட்டது. போன பிறகு பெயரைப் பார்த்தான். போனது பொட்டு வைத்த கடிதம்.

அழித்துவிடலாம். 'எல்லோருக்கும் அழி' என்றும் 'எனக்கு மட்டும் அழி' என்றும் கைப்பேசி கேட்டது.

"புளி கரைஞ்சே போச்சு போ!" என்று ராக்கம்மா ஏணியை உலுக்கினாள்.

விரல் 'எனக்கு மட்டும்' என்பதில் விழுந்தது. இப்போது அந்தக் கடிதம் டாக்டரிடம் இருந்தது, அவனிடம்தான் இல்லை.

விளக்கிச் சொல்லிவிட்டால் சரியாகிவிடும் என்று நினைத்தான். "டாக்டர், கடிதத்தில் உள்ள குறை என்னுடையது அல்ல. அம்மா வைத்தது. சரியான கடிதம் பின்னால் வருகிறது" என்று தட்டி அனுப்பினான். இது போய்ச் சேர்ந்தது. பின்னால் வரவேண்டிய கடிதம் கிளம்புவதற்குள் காற்று திசை மாறி, அலை பக்கத்துத் தோட்டத்துக்குப் போய்விட்டது. அதுவரை கடிதத்தைத் திறந்தே பார்க்காத டாக்டர் ஃபஸீஹா, என்ன குறை என்று திறந்து பார்த்தார்.

அலை திரும்பியபோது அவரிடமிருந்து ஒரு பதில் வந்திருந்தது.

"?"

அவ்வளவுதான். டாக்டர் ஃபஸீஹா விடைத்தாளில் ஒற்றைக் கேள்விக்குறி போட்டால், அந்த மாணவன் துறையையே மாற்றிக்கொள்வான் என்று பேச்சு. போன வருடம் அப்படி மாறிய ஒருவன் புக்கிட் பெலண்டோக் பக்கம் கோழி வளர்க்கிறான். கோழிகள் நன்றாக இருக்கின்றன.

யோகேந்திரன் இதை அப்பாவிடம் மட்டும் சொன்னான். அம்மாவிடம் சொல்லக் கூடாது என்று சத்தியமும் வாங்கிக்கொண்டான்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. பெடாஸ் கடையில் நல்ல கடிதத்தை அச்செடுத்து, சட்டைக்குள் வைத்துக்கொண்டு மோட்டார் சைக்கிளை முறுக்கினான். தொழுகை இடைவேளை முடிந்து ஆபீஸ் திறந்ததும் முதல் ஆளாகப் போய் நின்றான்.

டாக்டர் அறைக்கு வெளியே ஹுமைராவின் மேசை. ஆபீஸ் வேலைகளை எல்லாம் பார்ப்பவள். மேசை ஓரத்தில் ஒரு பிளாஸ்டிக் தட்டு. கையெழுத்துக்குப் போகும் தாள்கள் அதில்தான் இருக்கும். மேலிருந்து இரண்டாவதாக, வாட்ஸ்அப்பில் போன கடிதத்தின் அச்சில் அவன் பெயர் எட்டிப் பார்த்தது.

"அக்கா, அந்த லெட்டர மட்டும் மாத்திக்கறேன்கா. ஒரே ஒரு வரி தப்பு."

"தட்டுல வெச்சது வெச்சதுதான் தம்பி. ஒரு தாள் கொறஞ்சாலும் டாக்டருக்குத் தெரியும். போன மாசம் ஒரு கிளிப்பக் காணோம்னு என்னை நிக்க வெச்சுக் கேட்டாங்க" என்றாள் ஹுமைரா. "உக்காருங்க. பாலில்லாம சூடா ஒரு தே ஓ ஊத்திட்டு வர்றேன், மூஞ்சியே செத்துக் கெடக்கு."

அவள் எழுந்து போனாள். யோகேந்திரன் தன் வாழ்க்கையில் பிறர் பொருளைத் தொட்டதில்லை. கிராணி எழுதிய ஏணி விஷயம் முழு உண்மை. ஆனாலும் கை தானாகப் போனது. நல்ல கடிதத்தை உள்ளே செருகினான். பழையதை உருவினான். அதே நொடியில் அறைக் கதவு திறந்தது. ஒரு கை வெளியே நீண்டு தட்டை அப்படியே எடுத்துக்கொண்டு மறைந்தது.

தப்பித்தோம் என்று மூச்சு விட்டுக் கையிலிருந்த தாளைப் பார்த்தான். அது ஏர்கோன் ரிப்பேருக்கான பாரம்.

ஆகவே இப்போது டாக்டர் ஃபஸீஹாவின் மேசையில் யோகேந்திரனைப் பற்றி இரண்டு கடிதங்கள் இருந்தன. ஒன்று அவனுக்குக் கணக்கில் நிகரில்லை என்றது. மற்றது கணக்கு வராது என்றது. இரண்டுக்கும் கீழே கையெழுத்துப் போட வேண்டியவர், ஆதாரமில்லாமல் எதையும் நம்பாதவர். அந்த மாடியைக் குளிர்விக்க வேண்டிய ஏர்கோன் மேலும் பதினோரு நாள் ஓடவில்லை. விரிவுரையாளர்கள் மூன்று பேர் மெலிந்து, பழைய கால்சட்டைகளை மறுபடி போட ஆரம்பித்தார்கள் என்பது வேறு கதை.

ஹுமைரா தே ஓவோடு திரும்பி வந்தாள். அவள் பின்னாலேயே, குடையைத் தட்டிக்கொண்டு வள்ளியம்மா வந்தாள்.

"அம்மா! இங்க எப்படிம்மா?"

"ரெண்டு பஸ்சு மாறி" என்றாள் வள்ளியம்மா. "அந்தம்மா கேள்விக்குறி போட்டாங்களாமே. ஒங்கப்பா எல்லாம் சொன்னாரு."

"அதுக்கு?"

"கேள்வின்னு ஒண்ணு கேட்டா, போயி பதில் சொல்ல வேணாமா? பெரியவங்க கேட்டாங்கன்னு நீ பாட்டுக்கு வாயப் பொத்திக்கிட்டு இருந்தா நம்மள என்னான்னு நெனைப்பாங்க? எந்த ரூமு?"

யோகேந்திரன் "வேண்டாம்மா" என்று சொல்லி முடிப்பதற்குள், ஒன்பது நாள் தைரியம் சேர்த்து அவன் தட்டிய கதவை, தட்டாமலே திறந்துகொண்டு வள்ளியம்மா உள்ளே போய்விட்டாள். கதவு சாத்திக்கொண்டது.

மணி மூன்று இருபது.

"உள்ள கத்தறாங்களாக்கா?" என்று கேட்டான்.

ஹுமைரா காதைக் கூர்மையாக்கினாள். "இல்ல தம்பி. ஒண்ணும் கேக்கல. அதுதான் பயமா இருக்கு."

மூன்று ஐம்பது. தே ஓ ஆறிப்போனது. யோகேந்திரன் லாரிக் கம்பெனி நாற்காலியை நினைத்துக்கொண்டான். அது சுழலும் நாற்காலி என்று மாமா பெருமையாகச் சொல்லியிருந்தார். சுழன்று சுழன்று அவன் பார்க்கப் போவதெல்லாம் டயர்கள்.

"என்னோட தப்புத்தான்கா" என்றான். "நானே வாயத் தொறந்து ரெண்டு வார்த்த ஒழுங்காக் கேட்டிருந்தா, வீட்ல இருக்கறவங்க எல்லாம் கெளம்பி வரவேண்டியதில்ல."

ஹுமைரா ஏதோ ஆறுதல் சொல்ல வாயெடுத்தாள். உள்ளிருந்து மணி அடித்தது. எழுந்து ஓடினாள்.

நான்கு பத்துக்கு வெளியே வந்தாள். கையில் ஒரு தாள். அவன் முகத்தைப் பார்க்காமல் நீட்டினாள்.

பொட்டு வைத்த கடிதம்தான். ஆனால் கீழே கையெழுத்தும் முத்திரையும் இருந்தன. கணக்கு வராது என்ற வரி அளவுகோல் வைத்து நேராக அடிக்கப்பட்டிருந்தது. பக்கத்திலேயே டாக்டரின் கையெழுத்தில் இரண்டு வரிகள்:

'மேற்கண்ட குறைக்கு ஆதாரம் இல்லை. உண்மையான குறை: இவருக்குத் தனக்காகக் கேட்கத் தெரியாது. இவருக்காகக் கேட்க இரண்டு பேருந்து மாறி வருகிறவர்கள் இருக்கிறார்கள் என்பதையும் கருத்தில் கொள்ளவும்.'

"குறை அப்படியே இருக்கேக்கா" என்றான்.

"இருக்கட்டும். இந்த வாரம் டாக்டர் ஏழு பேரு லெட்டருல கையெழுத்துப் போட்டாங்க. படிச்சது இது ஒண்ணத்தான். சும்மா நிக்காதீங்க, அனுப்புங்க!"

அங்கேயே அந்தத் தாளைப் படம் பிடித்தான். தண்ணீர்த் தொட்டியில் ஏறாமல், ஏணியை யாரும் உலுக்காமல் ஒரு கடிதத்தை அனுப்புவது அவனுக்குப் புது அனுபவமாக இருந்தது. நான்கு இருபத்தொன்றுக்கு, கிடைத்தது என்று அறவாரியத்திலிருந்து பதிலும் வந்துவிட்டது. யோகேந்திரன் சுவரில் சாய்ந்து முகத்தைத் துடைத்துக்கொண்டான். அப்புறம்தான் நினைவு வந்தது.

"எங்கம்மா எங்கக்கா? கடைசி பஸ்சு போயிரும்."

ஹுமைரா மூடியிருந்த கதவைத் திரும்பிப் பார்த்துவிட்டு, குரலைத் தணித்தாள்.

"உங்கம்மா இப்ப வரமாட்டாங்க தம்பி. டாக்டரோட புரமோஷனுக்கு டீன்கிட்ட லெட்டர் கேட்டதுக்கு, நீயே எழுதிக்கொண்டு வான்னுட்டாராம். ரெண்டு வாரமா கதவச் சாத்திக்கிட்டு நாலு பக்கம் எழுதி வெச்சிருக்காங்க. எந்தப் பக்கத்துல பொட்டு வெக்கறதுன்னு உங்கம்மா இப்பத்தான் பாத்துக்கிட்டு இருக்காங்க."